கிளிப்பக்காவின் கொடி

"இதைக் கண்ணால பார்த்தீங்களா, காதால கேட்டீங்களா, இல்ல நீங்களா நினைச்சுக்கிட்டதா?" என்று கேட்டபடியே வக்கீலம்மா ஒரு சீட்டைக் கொடியில் மாட்டுவார். துணி காயப்போடும் அதே கொடி, அதே கிளிப்புகள். ஜன்னல் கம்பியிலிருந்து அலமாரிக் கைப்பிடிவரை குறுக்கே கட்டியிருக்கிறார். பார்த்ததற்குப் பச்சைக் கிளிப், கேட்டதற்கு நீலம், நினைத்ததற்கு மஞ்சள். வழக்கோடு வந்தவர் பேசப் பேசச் சீட்டுகள் ஏறும். பத்தே நிமிடத்தில் கொடி பூராவும் மஞ்சள்மயமாகி, வந்தவர் அசடு வழிவார்.

தெருவே அவரைக் கிளிப்பக்கா என்றுதான் கூப்பிடுகிறது. ஐம்பதைத் தாண்டியவர். கீழே சலவைக்கடை, மேலே அவருடைய ஒற்றை அறை ஆபீஸ். கிளிப்புகள் தீர்ந்துபோனால் கீழேயே கைமாற்று வாங்கிக்கொள்வார். சட்டப் புத்தகங்கள் அலமாரியில் நிம்மதியாகத் தூங்கும். கடைசி அரை மணி நேரத்தில்தான் அவற்றை எழுப்புவார். "மொதல்ல என்ன நடந்துச்சுன்னு தெரியணும். சட்டம் எங்க ஓடிடப் போகுது?" என்பார்.

வீட்டிலும் விடுவதில்லை, பாவம் அந்தக் கணவர். பஸ் ஓட்டிக் களைத்து வந்து, "குழம்புல உப்பு இல்ல" என்று சொன்னால் போதும். "நாக்குல பட்டுச்சா, பார்த்ததுமே முடிவு பண்ணிட்டீங்களா?" மனிதர் உடனே, "பச்சைக் கிளிப்பும்மா" என்று தட்டை நகர்த்துவார். முப்பது வருஷத்தில் கற்ற தற்காப்பு.

ஆபீஸில் மூன்று நாற்காலிகள். இரண்டு சாதா. மூன்றாவதில் மட்டும் மெத்தை உண்டு, அது எதிராளிக்கு. எதிராளி எங்கே வரப்போகிறார்? அவருக்குப் பதிலாகக் கட்சிக்காரர்தான் அதில் உட்கார்ந்து, எதிராளியாகவே பேச வேண்டும். சும்மா ஒப்புக்குப் பேசினால் கிளிப்பக்கா விடமாட்டார். "நல்லா பேசுங்க. அவர் பக்கம் நியாயமே இல்லைன்னா நம்ம பக்கம் இன்னும் புரியலைன்னு அர்த்தம்" என்பார்.

போன மாதம் பேக்கரிக்காரி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. பன்னிரண்டு வருஷக் கடை. தனக்குத் தெரியாமல் நடுச்சுவரை இடித்துவிட்டதாகவும், முப்பது நாளில் காலி செய்ய வேண்டும் என்றும் கட்டட உரிமையாளர் நோட்டீஸ் அனுப்பியிருந்தார். சுவரை இடித்து மூன்று வருஷமாகிறது. பெரிய அடுப்பு வைப்பதற்காக இடித்தது. எழுத்தில் அனுமதி ஏதும் வாங்கவில்லை. கடை போனால் அடுப்பும் போச்சு, அவளும் அவள் தங்கையுமாகச் சேர்ந்து கட்டிய பிழைப்பும் போச்சு.

"அவரு கெட்டவரு" என்றாள். மஞ்சள். "என் இடத்தைத் தன் தம்பிக்குக் கொடுக்கப் பார்க்கறாராம்." நீலம். "என் கடை இங்கதான் இருக்கும்கா." அழுதுகொண்டே சொன்னாள். கிளிப்பக்கா அதையும் எழுதி, கொஞ்சமும் தயங்காமல் மஞ்சளில் மாட்டினார். பேக்கரிக்காரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"கோபம் நல்லதுதான். போய் மெத்தையில உக்காருங்க. இப்ப நீங்கதான் கட்டடக்காரர்."

உட்கார்ந்தாள். தொண்டையைக் கனைத்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவர் குரலிலேயே ஆரம்பித்தாள். "எனக்குத் தெரியாம சுவரை இடிச்சுட்டா."

"உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

"இடிச்ச அன்னிக்கே. பன் வாங்க வந்தேன்ல. செங்கல் மேல ஒரு கால வச்சு நின்னு தின்னுக்கிட்டே, இன்னும் ஒரு அடி சேர்த்து எடும்மா, அடுப்பு தாராளமா போகும்னு..." கை தானாக வாயை மூடியது.

"இதை ஏன் இவ்வளவு நேரமா சொல்லல?"

"அவரு பன் வாங்கத்தானே வந்தாருக்கா. அது எப்படி கேஸாகும்?"

கிளிப்பக்கா எழுந்து நடக்க ஆரம்பித்தார். உற்சாகம் வந்தால் அவருக்கு அறை போதாது. "சரி, ஒண்ணே ஒண்ண மாத்திப் பாப்போம். அன்னிக்கு அவர் வரவே இல்லைன்னு வைங்க. அப்ப?"

"அப்ப அவரு சொல்றது சரிதானே."

"வந்தாரு, ஒரு வார்த்தை பேசாம போயிட்டாரு. அப்ப?"

"கொஞ்சம் இழுபறி."

"வந்தாரு, அகலமா எடுன்னாரு, மூணு வருஷம் இடிச்ச சுவரைப் பார்த்துக்கிட்டே பன் வாங்கிட்டும் போனாரு. இப்ப?"

பேக்கரிக்காரி சிரித்துவிட்டாள். அன்று முதல்முறையாக.

சுவரை இடித்த கொத்தனார் அன்று பக்கத்தில் நின்று நேரிலேயே பார்த்திருந்தார். அவரும் படியேறி வந்து சாட்சி எழுதிக் கொடுத்தார். அவருடைய சீட்டும் சேர, கொடியில் பச்சை கூடியது. அதற்குப் பிறகுதான் புத்தகங்கள் எழுப்பப்பட்டன. மூன்று பக்கப் பதில் போயிற்று.

நேற்று காலை பதில் வந்தது. பேக்கரிக்காரி மாவுக் கையோடு, இரண்டு படியாகத் தாவி மேலே வந்தாள். "ஜெயிச்சுட்டோமாக்கா? எதிர் வக்கீல் போன்ல சொன்னாராமே."

"அது நீலம். இருங்க." கிளிப்பக்கா கடிதத்தைப் பிரித்தார். ஒரு தரம் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் படித்தார். நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கையெழுத்தோடு எழுதியிருந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் மூன்றாவது தரமும் படித்தார். பிறகு கொடியருகே போய், 'என் கடை இங்கதான் இருக்கும்' என்ற சீட்டிலிருந்து மஞ்சளைக் கழற்றிவிட்டு, பச்சைக் கிளிப்பை மாட்டினார்.