வீடு வீடாகப் போன படக்கூடம்

கெர்ட்ரூட் அக்காவைத் தெரியாத ஆள் அன்றைய பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் கிடையாது. புருஷன் ரயிலில் கார்டு. அக்காவுக்கு ஆசிரியர் கல்லூரி ஒன்றின் ஓவியக்கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலை. அங்கே முப்பத்தொரு படங்கள் இருந்தன. பார்க்க வருகிறவர்களோ மாதத்துக்கு நாலு துரைமார். "நான் ஒருத்திதான் தினமும் பாக்கறேன். அப்ப இதெல்லாம் என் படம்தானே லா!" என்பார். வாய் அப்படி.

1942இல் ஜப்பான்காரன் வந்தான். கூடத்தில் அரிசி மூட்டை அடுக்கப் போகிறார்களாம். சனிக்கிழமைக்குள் காலி செய்யாவிட்டால் படங்கள் அடுப்புக்குப் போகும் என்றார்கள். பிரின்சிபால் துரையோ சிறையில். கூடத்துச் சாவி அக்காவின் இடுப்பில் இருந்தது.

அக்கா பதறவில்லை. அக்டோபர் மாதம் அவர்கள் கோயில் பங்கில் மாதா சுரூபம், அதாவது மாதா சிலை, வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டார் ஜெபம் சொல்லி முடித்து, அடுத்த வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். "மாதாவே போறாங்க, படம் போகக் கூடாதா?" என்று எல்லாவற்றையும் கைவண்டியில் ஏற்றிவந்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். வாரம் ஒருமுறை பக்கத்து வீட்டுக்கு மாற்ற வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தார்.

இவை சாமி படங்கள் இல்லை என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். கேட்க வேண்டுமா! டொமினிக் வீட்டில் எருமைப் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்தது. அடுத்த வீட்டு இராஜம்மா, கிள்ளான் ஆற்று மீன்காரி படத்தின் கண்ணாடியில் குங்குமமே வைத்துவிட்டார். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"அடி பாவி, அது மீன் விக்கிற பொம்பள!"

"இருக்கட்டுமே அக்கா. மரவள்ளிக்கிழங்கத் தின்னுட்டு இவ கூடையப் பாத்தா ஒரு தெம்பு."

மூன்றரை வருடத்தில் குவார்ட்டர்ஸ் முழுக்க முப்பத்தொரு படத்தையும் மனப்பாடம் செய்துவிட்டது.

போர் முடிந்து கல்லூரிப் பொறுப்புக்கு வந்தவர் சபாபதி. "கூடத்த வகுப்பறை ஆக்கிடலாம். படமெல்லாம் ஸ்டோருக்குப் போகட்டும். யாரும்மா வந்து பாக்கறாங்க?" என்றார். அக்காவுக்குச் சுருக்கென்றது. இதற்காகவா அத்தனை பாடு?

"ஞாயித்துக்கிழமை ஒருநாள் பொறுங்க சார். படத்த எங்க குவார்ட்டர்ஸ் ஜனங்களே கொண்டு வருவாங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

ஞாயிறு பூசை முடிந்ததும் வந்தார்கள். குளித்து, நல்ல துணி உடுத்தி, சுரூபம் தூக்குகிற பவ்வியத்தோடு வந்து, படங்களை மாட்டினார்கள். மாட்டிய பிறகு ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. எருமையைச் சுற்றி நின்ற ஒரு கூட்டம், அதை நன்றாகக் கவனித்துக்கொண்டது எந்த வீடு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. சபாபதி கைக்குட்டையை எடுத்து மீன்காரியின் குங்குமத்தைத் துடைக்கப் போனார். இராஜம்மா குறுக்கே வந்து நின்றார்.

"கூடையில எத்தன மீனு, சொல்லுங்க சார்?"

"அஞ்சு."

"அஞ்சு மீனு, அடியில ஒரு நண்டு. பாருங்க."

சபாபதி குனிந்தார். நண்டு இருந்தது. அவர் வெகுநேரம் நிமிரவில்லை. கைக்குட்டை சட்டைப்பைக்குத் திரும்பியது.

"வகுப்புக்கு வேற இடம் பாக்கறேன்" என்றார் மெதுவாக. "ஞாயிறுதோறும் இவங்களுக்குத் திறந்துவிட முடியுமாம்மா?"

அக்கா இடுப்பைத் தட்டிக் காட்டினார். சாவி அங்கேயேதான் இருந்தது.