அண்ணை வாங்கிய பிஸ்டலை நான் வாங்கவில்லை

அண்ணை, நீங்கள் பொய் சொன்னீர்கள். என் பிஸ்டலின் விசையை நான் கள்ளமாக இளக்கி வைத்திருந்தேன், அதனால்தான் உங்களை வென்றேன் என்று ஸ்டுட்கார்ட்டிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கலியாணவீடு, பிறந்தநாள் என்று ஒரு சபை விடாமல் சொல்லித் திரிந்தீர்கள். என் முகத்துக்கு நேரே ஒருநாளும் சொல்லவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். எனக்கு அலங்காரமாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுத வரும்.

வாசிப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். நான் கார் உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அளவு பார்க்கிறவள். கடைசல் இயந்திரத்திலிருந்து வரும் துண்டை எடுத்து அளப்பேன். ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூக்கி எறிவேன். நீங்கள் எனக்குச் சொந்தமில்லை. அதே தொழிற்சாலையின் களஞ்சியத்தில் வேலை. எனக்குப் பத்து வருடம் முன்னரே ஜெர்மனிக்கு வந்தவர். எங்கள் ஊர்த் துப்பாக்கி சுடும் கழகத்தில் இருந்த ஒரே தமிழர். என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனதும் நீங்கள்தான். அதை நான் மறைக்கவில்லை.

முதல்நாளே எனக்குப் பிடித்துவிட்டது. மூச்சை அடக்கி, கையை அசையாமல் வைத்து, ஒரு சின்னப் புள்ளியைப் பார்ப்பது. தொழிற்சாலையில் பகல் முழுக்க அதைத்தான் செய்கிறேன். இங்கே அதற்குப் புள்ளியும் தந்தார்கள்.

சொந்தமாகப் பிஸ்டல் ஒன்று வாங்குவதென்றால் இந்த நாட்டில் இலேசில்லை. புதிய ஆயுதச் சட்டம் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஒரு வருடம் ஒழுங்காகக் கழகத்தில் சுட்டிருக்க வேண்டும், சோதனை எழுத வேண்டும், வீட்டில் அதைப் பூட்டி வைக்க இரும்புப் பெட்டி வேண்டும், பிறகு ஆன்ட்ராக் என்கிற விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இரும்புப் பெட்டி வந்து இறங்கிய அன்று என் கணவர் அதன் முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார்.

“இஞ்ச பாரும், துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். நீர் காசு குடுத்து வீட்டுக்குள்ள கொண்டு வாறீரோ?”

“அது அவங்கட கையில இருந்தது. இது என்ர கையில இருக்கப் போகுது.”

அவர் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு பெட்டியைச் சுவரோடு சேர்த்துப் பூட்டித் தந்தவரும் அவர்தான்.

ஆயுதம் வைத்திருக்க அனுமதிக்கும் பச்சை அட்டை வந்தது. நாற்பத்தைந்து கலிபர் பிஸ்டல் ஒன்று வாங்கலாம் என்று அதில் இருந்தது. எந்தக் கம்பெனி என்று இல்லை. அங்கேதான் சண்டை தொடங்கியது.

நான் வாங்க நினைத்தது 1911 என்று அது பிறந்த ஆண்டின் பெயராலேயே அழைக்கப்படும் பிஸ்டல். அமெரிக்கப் பட்டாளத்துக்காகச் செய்தது. அதன் காப்புரிமை காலாவதியாகிப் பல காலம். அதனால் ஒரே வரைபடத்தைப் பத்து நாட்டில் பத்துக் கம்பெனி செய்கிறது. வெளியில் பார்த்தால் எல்லாம் ஒன்று. உள்ளே ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. அளவு பார்க்கிறவளுக்கு இதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் கிடையாது.

ஆனால் எங்கள் சனத்திடம் ஒரு வழக்கம் இருக்கிறது. முதலில் வந்தவர் எதை வாங்கினாரோ அதையேதான் பின்னால் வந்தவர்களும் வாங்க வேண்டும். எங்கள் வீதியில் ஏழு தமிழ்க் குடும்பம். ஏழு வீட்டிலும் ஒரே சோறு அவிக்கும் மெஷின், ஒரே தையல் மெஷின், வாசலில் ஒரே கம்பெனிக் கார். யாரும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கவில்லை. முதல் ஆள் வாங்கினார், மற்றவர்கள் அவரைக் கேட்டார்கள், முடிந்தது. வேறு ஒன்றை வாங்கினால் அது சாமானைப் பற்றிய பேச்சு இல்லை. அந்த மனிதரை மதிக்கவில்லை என்று அர்த்தம்.

உங்களிடம் பழைய பெரிய அமெரிக்கப் பெயர் பொறித்த 1911 இருந்தது. நானும் அதையே வாங்குவேன் என்று நீங்கள் தீர்மானித்துவிட்டீர்கள். கடைக்காரனோடு கதைத்தும் வைத்துவிட்டீர்கள். நான் “அளந்து பாத்திட்டுச் சொல்லுறன்” என்றேன். உங்கள் முகம் அன்றைக்கே மாறியது.

கழகத்தின் போட்டிகளுக்குப் பொறுப்பானவர் ஓய்வுபெற்ற ஒரு பஸ் சாரதி. அவரிடம் ஜெர்மன் துப்பாக்கித் தச்சர் ஒருவர் கையால் பொருத்திய 1911 இருந்தது. கழகத்தில் இருந்த பேக்கரிக்காரரிடம் பிலிப்பைன்ஸில் செய்த ஒன்று. உங்களுடையது மூன்றாவது. சாரதி ஒரு சனிக்கிழமை காலை மூன்றையும் மேசையில் வைக்கச் செய்தார். நான் சாப்பாட்டுப் பெட்டியோடு என் மைக்ரோமீற்றரையும் கொண்டு போயிருந்தேன்.

“தங்கச்சி, இது என்ன, மாப்பிள்ளை பாக்கிறியோ?” என்றீர்கள்.

“மாப்பிள்ளையை அளக்காமல்தான் கட்டினனான் அண்ணை. ஒரு பிழை காணும், ரெண்டு வேண்டாம்.”

நான் இரண்டு விஷயம் பார்த்தேன். ஒன்று, குழலின் முனை அதன் வளையத்துக்குள் எவ்வளவு ஆடாமல் இருக்கிறது. ஒவ்வொரு வெடிக்கும் குழல் அதே இடத்தில் வந்து இருந்தால்தான் குண்டும் அதே இடத்துக்குப் போகும். இரண்டு, பிடியைச் சரியாகப் பிடித்தபின் என் விரல் விசையை எட்டுகிறதா. என் கை சின்னக் கை. விசைக்காகக் கையை முறுக்கிப் பிடித்தால் எவ்வளவு நல்ல குழலும் வீண்.

அளவில் முதலிடம் ஜெர்மன் தச்சரின் வேலைக்கு. சந்தேகமே இல்லை. ஆனால் அதன் விசை நீளம், என் விரல் நுனிதான் தொட்டது. உங்கள் அமெரிக்கப் பிஸ்டலும் நல்ல சாமான். அதிலும் நீள விசை. பிலிப்பைன்ஸ் பிஸ்டலில் நீளம் குறைந்த கட்டை விசை. பிடித்தவுடன் விரல் தானாகப் போய் இருந்தது. குழலின் முனையை அளந்தேன். தச்சருடையதைவிடக் கொஞ்சம் கூட ஆடியது, உங்களுடையதைவிடக் குறைவாக. நம்பாமல் இரண்டாம் தரமும் அளந்தேன். அதே அளவு. ஒவ்வொன்றிலும் பத்து வெடி வைத்தேன். பிலிப்பைன்ஸ் பிஸ்டலால் சுட்ட இலக்குக் கடதாசியில் பத்து ஓட்டையையும் என் உள்ளங்கையால் மூட முடிந்தது.

“இதுதான்” என்றேன்.

“பிலிப்பைன்ஸோ! அங்க வாழைப்பழம்தான் நல்லாய் விளையும்” என்று தமிழில் சொன்னீர்கள். பிறகு எல்லோருக்கும் கேட்க ஜெர்மனில் சொன்னீர்கள், எங்கள் ஆட்கள் எப்போதும் மலிவுக்குத்தான் ஓடுவார்கள் என்று. பேக்கரிக்காரர் சிரிக்கவில்லை. அது அவருடைய பிஸ்டல். அந்த நேரம் நீங்கள் ஒன்றை மறந்துவிட்டீர்கள். அவர்கள் பார்வையில் ‘எங்கள் ஆட்கள்’ என்பதில் நீங்களும் உண்டு.

அதே பிலிப்பைன்ஸ் கம்பெனிப் பிஸ்டல் ஒன்றை வாங்கினேன். அந்த வசந்தகாலம் முழுவதும் கடதாசியைத் துளைத்தேன்.

மாவட்டப் போட்டிக்குக் கழகத்தின் அணியில் மூன்று பேர். சாரதி ஒருவர், பேக்கரிக்காரர் இன்னொருவர். மூன்றாம் இடம் ஐந்து வருடமாக உங்களுடையது. அந்த வருடம், நீங்களும் நானும் மூன்று ஞாயிறு காலை சுட்டு, மொத்தத்தில் கூடப் புள்ளி எடுப்பவரே அணியில் என்று சாரதி அறிவித்தார். எனக்கு அந்த இடம் வேண்டும். பிஸ்டலைக் காட்டிப் பெருமை பேச இல்லை. அளந்து, யோசித்து, நானாக எடுத்த ஒரு முடிவு சரி என்று ஊருக்கு முன்னால் நிற்க வேண்டும். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் என் முடிவுகளை மற்றவர்கள்தான் எடுத்திருந்தார்கள்.

இரண்டு ஞாயிறு முடிந்தபோது நீங்கள் நான்கு புள்ளி முன்னால் நின்றீர்கள். மூன்றாம் ஞாயிறு. அவசரமில்லாமல் ஆறுதலாகச் சுடும் பகுதியில் நான் அதில் இரண்டு புள்ளியை எட்டிப் பிடித்தேன். பிறகு வேகப்பகுதி, இருபது செக்கனில் ஐந்து வெடி. நீங்கள் முதல் மூன்றை அவசரமாக விட்டுவிட்டுக் கடைசி இரண்டுக்குக் காத்து நிற்பது எனக்குக் கேட்டது. நான் மனதில் எண்ணினேன். நாலு செக்கனுக்கு ஒரு வெடி, இயந்திரத்திலிருந்து துண்டு வந்து விழுவது போல. கடைசித் தொடரில் ஐந்தில் நான்கு பத்துப் புள்ளி வளையத்துக்குள் விழுந்தது. ஒன்று ஒன்பது.

மொத்தத்தில் மூன்று புள்ளி கூட. நான் வென்றேன். ஓம், வென்றேன். இன்னொரு தரம் எழுதவும் எனக்கு ஆசைதான்.

சாரதி கடதாசியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் அப்படித்தான். ஏசாமல் விட்டால் அதுவே பாராட்டு.

நீங்கள்தான் சொன்னீர்கள். என் விசை சட்டத்துக்குக் குறைவான இலேசு, நிறுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் முன்னால் கையை நீட்டினீர்கள். விதிப்படி விசை ஒரு கிலோவைத் தாங்க வேண்டும். சாரதி ஒரு கிலோ நிறையைக் கொண்டு வந்தார். பிஸ்டலில் குண்டு இல்லை என்று இருவர் பார்த்தார்கள். சுத்தியலை இழுத்து வைத்து, குழலை மேலே பிடித்து, நிறையின் கொக்கியை விசையில் மாட்டி மேசையிலிருந்து தூக்கினார். விசை இலேசென்றால் சுத்தியல் விழும். சுத்தியல் விழவில்லை. இரண்டாம் தரமும் விழவில்லை. மூன்றாம் தரம் அவர் கையை ஒரு நிமிடம் அப்படியே வைத்திருந்தார். விழவில்லை.

பிறகு அவர் உங்கள் பக்கம் திரும்பினார். “இப்போது உங்களுடையது. விதி இருவருக்கும்தான்.”

நீங்கள் உங்கள் பிஸ்டல் பெட்டியை மூடினீர்கள். ஒருவரைச் சந்திக்க நேரம் குறித்திருக்கிறது, அவசர டெர்மீன் என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு! புல்லு வெட்டக்கூடத் தடையான நாளில், இந்த ஜெர்மனியில், டெர்மீன்! பேக்கரிக்காரர் அப்போதுதான் சிரித்தார். நன்றாகச் சிரித்தார்.

மாவட்டப் போட்டியில் எங்கள் அணி முதலாவதாக வந்தது. என் கணவர் கண்ணாடிக்குப் பின்னால் காதுக் கவசத்தோடு நின்றிருந்தார். வெளியே வந்ததும் கேட்டேன், “பாத்தனீங்களோ?”

“இல்லை. நீர் சுடேக்க நான் கண்ணை மூடிக்கொண்டு நிண்டனான்.”

“அப்ப வெண்டது எப்பிடித் தெரியும்?”

“பேக்கரிக்காரன் என்ர முதுகில அடிச்சான். இன்னும் நோகுது.”

கழக அறையின் சுவரில் மூன்று பெயர் பொறித்த தகடு இருக்கிறது. என் பெயரில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. அளந்து பார்த்துத்தான் மாட்டச் சொன்னேன்.

நீங்கள் அதற்குப் பிறகு கழகத்துக்கு வரவில்லை. சபைகளுக்குப் போனீர்கள். அங்கே என் விசை நாளுக்கு நாள் இலேசாகிக்கொண்டே போனது. சனம் நம்பியது. முதலில் வந்தவர் சொன்னால் நம்புவதும் அதே வழக்கம்தானே. என் மகளிடமே ஒரு அக்கா கேட்டாவாம், “அம்மா களவாய் வெண்டவவோ?” என்று. அன்றைக்குத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் பிஸ்டல் எல்லோருக்கும் முன்னால் மூன்று தரம் ஒரு கிலோவைத் தாங்கியது. பார்த்தவர்கள் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். கேளுங்கோ. உங்களுடையது ஒரு தரமும் கொக்கியைக் காணவில்லை. அது அந்த நிறையைத் தாங்கியிருக்குமா, இல்லையா? கலியாணவீட்டு மூலையில் நின்று இல்லை அண்ணை. சபைக்கு நடுவில் எழும்பி நின்று, நான் எழுதியதை வாசித்தவர்கள் எல்லோரும் கேட்க, ஓம் அல்லது இல்லை என்று சொல்லுங்கோ.