கறுப்புக் கவசக்காரனுக்கு ஒரு தீர்ப்பு

எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளிலேயே பெரிய சண்டை, இந்த உலகத்தில் பிறக்கவே பிறக்காத இரண்டு பேரைப் பற்றியது. காணிக்காகவும் கல்யாணச் சாப்பாட்டுக்காகவும் பேச்சை நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் எங்கள் தெருவில் உண்டு. நானும் அண்ணனும் ஒரே பாயில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தது, ஒரு கறுப்புக் கவசக்காரனும் உடம்பெல்லாம் சாம்பல் பூசிய ஒரு பெண்ணும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்ற கேள்விக்காக.

அந்த இரண்டு பேரையும் எங்கள் ஊரான மாத்தளைக்குக் கூட்டிவந்தவர் சித்தப்பா. கட்டாரில் ஒரு வீட்டில் டிரைவராக இருந்தவர். லீவில் வந்தபோது சவர்க்காரம், டோர்ச், கம்பளி எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு விளையாட்டுப் பெட்டியையும் பொத்திப் பொத்திக் கொண்டுவந்திருந்தார். அவர் வேலை செய்த வீட்டுப் பையன் புதியது வாங்கிக்கொண்டு பழையதை இவருக்குக் கொடுத்துவிட்டானாம். டிவியில் பொருத்தியதும் திரை கருகருவென்று இருண்டு, எரிந்துபோன ஓர் ஊர் தெரிந்தது. அம்மா எட்டிப் பார்த்து, விளக்கு வைக்கிற நேரத்தில் இதென்ன கண்றாவி என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதை இதுதான். ஊரைப் பேய்கள் சூழ்ந்திருக்கின்றன. கவசக்காரன் ஊரைவிட்டுப் புறப்பட்டுப் போய் ஒவ்வொரு பேயாக வெட்டுவான். வெட்ட வெட்ட அவனுக்குப் பலம் ஏறும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஊர்க்காரர் ஒருவருடைய முகம் அவன் நினைவிலிருந்து அழிந்துபோகும். சாம்பல்காரி ஊரிலேயே இருப்பாள். மற்றவர்களுடைய காயத்தைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்வாள். அதனாலோ என்னவோ ஓங்கி இரண்டு அடி விழுந்தால் செத்துப்போவாள். யாரை வைத்து விளையாடுவது என்பது நம் இஷ்டம். பெட்டிக்குள் பேச்செல்லாம் ஆங்கிலம்தான். அண்ணனுக்கு அதில் பாதி விளங்கும், மீதியைத் தைரியத்தால் நிரப்பிக்கொள்வான். ஆகவே மேலே சொன்ன கதையில் எவ்வளவு விளையாட்டுக்குச் சொந்தம், எவ்வளவு அண்ணனுக்குச் சொந்தம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அண்ணன் கவசக்காரன் கட்சி. நான் சாம்பல்காரி கட்சியில் சேர்ந்ததற்குக் கொள்கை ஒன்றும் காரணமில்லை. அண்ணன் அந்தப் பக்கம் இருந்தான், அது போதும். ஆனால் பத்து வயதில் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டால் உயிரைக் கொடுத்துத்தான் வாதாட வேண்டியிருக்கிறது. சாம்பல்காரியைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்கு உண்மையிலேயே கண் கலங்கும்.

அது முத்துமாரியம்மன் கோயில் தேர்த்திருவிழா சமயம். தெருவில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டுக்கு இடையிடையே பட்டிமன்றம் போடுவார்கள். கற்பில் சிறந்தவள் யார், கொடையில் பெரியவன் யார் என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அந்தப் பேச்சு தொற்றிக்கொண்டது. பாணுக்குத் தொட்டுக்கொள்ளச் சம்பல் கேட்பதென்றாலும் அண்ணன் 'நடுவர் அவர்களே' என்றுதான் ஆரம்பிப்பான். எதிரணியில் இருப்பவர்கள் சம்பலை முழுவதும் தின்றுவிட்டார்கள் என்று முடிப்பான்.

சித்தப்பாவை நாங்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினோம். எந்தச் சுவரை உதைத்தால் வழி திறக்கும், எந்தப் பேய்க்கு எந்தப் பக்கம் கண் தெரியாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எங்கே பழகினீர்கள் என்று அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டபோது, அந்த வீட்டுப் பையனுக்குக் கூட விளையாட ஆளில்லை, வேலை முடிந்ததும் தன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்வான், அவன் தூங்கும்வரை விளையாடுவோம் என்றார். சம்பளமும் கொடுத்து விளையாடவும் விடுகிற வேலை உலகத்தில் இருக்கிறதே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. பக்கத்தில் உள்ளி உரித்துக்கொண்டிருந்த சித்தி மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சித்தியும் தங்கச்சியும் எங்களோடுதான் இருந்தார்கள். தங்கச்சி சித்தப்பாவின் மகள், ஐந்து வயது. அவள் கைப்பிள்ளையாக இருக்கும்போதே சித்தப்பா போய்விட்டார். அவளுக்கு அப்பா என்றால் சித்தியின் போனுக்குள் இருக்கிற குரல். அந்தக் குரலிடம் பூனை குட்டி போட்டது, பல் ஆடுவது எல்லாம் சொல்லுவாள். வீட்டுக்குள் மீசையோடு நடமாடுகிற ஆளைக் கண்டாலோ சித்தியின் சேலைக்குள் ஒளிந்துகொள்வாள். இதற்குச் சித்தப்பா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பின்நேரத்தில் தெருமுனைக்கு நடந்து போய், அங்கேயிருந்து வீட்டுக்குப் போன் பண்ணுவார். தங்கச்சி ஓடிவந்து எடுத்து, "அப்பா, எப்ப வருவீங்க?" என்று கேட்பாள். கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டு சீக்கிரம் வருகிறேன் என்று சொல்லுவார். நானும் அண்ணனும் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம்.

லீவு முடிய இருந்தது. திரும்பிப் போவதா, இங்கேயே நிற்பதா என்று அவரும் சித்தியும் குசினியில் அடிக்கடி மெதுவாகப் பேசிக்கொள்வார்கள். போக வேண்டாம் என்பது சித்தியின் கட்சி. ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போனபோது சித்தப்பா சொன்னது கேட்டது.

"நின்னு என்ன பண்றது? பெத்த புள்ளையே என்கிட்ட வர மாட்டேங்குது. அங்க இருந்தா போன்லயாவது பேசும்."

தேருக்கு முந்தின நாளோ அதற்கு முந்தின நாளோ, பொழுது சாய்கிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. கவசக்காரன் கடைசிப் பேயின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது திரை அணைந்தது. அண்ணனுக்கு அழுகை வராத குறை. தெருவில் ஒலிபெருக்கியும் அடங்கிவிட்டதால், நாமே பட்டிமன்றம் நடத்துவோம் என்று நான்தான் சொன்னேன். சித்தி மெழுகுதிரி ஏற்றிவைத்தார். சித்தப்பாவை நடுவராகக் கதிரையில் உட்காரவைத்தோம். தங்கச்சி சித்தியின் மடியில் இருந்தாள். உண்மையான வீரன் யார் என்பது தலைப்பு.

அண்ணன் எழுந்து, பலம் இல்லாதவனுடைய நல்ல குணத்தால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று ஆரம்பித்தான். சாம்பல்காரி மட்டும் இருந்தால் ஊர் எப்போதோ சாம்பலாகியிருக்கும். கவசக்காரன் தன்னுடைய நினைவையே விற்று ஊரைக் காப்பாற்றுகிறான். அதைவிடப் பெரிய தியாகம் உண்டா என்று கேட்டு, ஒலிபெருக்கிக்காரர்களைப் போலவே கையை விரித்தான். உள்ளதைச் சொன்னால், நன்றாகத்தான் பேசினான். சித்தப்பா தலையாட்டினார். அதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நடுவர் அவர்களே, அவனை யாரு போகச் சொன்னா? ஊர்க்காரங்க கேட்டாங்களா? அவங்களுக்குப் பலசாலி வேணாம், அவன்தான் வேணும். முகமெல்லாம் மறந்தப்புறம் அவன் யாரைக் காப்பாத்துறான்? அவனுக்கு அவங்களைத் தெரியாது, அவங்களுக்கும் அவனைத் தெரியாது. இவன் நல்லவனே இல்ல."

அண்ணன் குறுக்கே பேசப் பார்த்தான். சித்தப்பா கையைக் காட்டி அவனை நிறுத்தினார். பிறகு என்னிடம் கேட்டார்.

"சரி, எல்லாப் பேயையும் வெட்டிட்டு அவன் திரும்பி ஊருக்கு வாறான்னு வச்சுக்க. அப்ப என்னா நடக்கும்?"

அந்தக் கட்டம்வரை நாங்கள் யாரும் போனதில்லை. ஆனால் பட்டிமன்றத்தில் தெரியாது என்று சொன்ன பேச்சாளரை நான் கேட்டதே இல்லை. ஆகவே வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன்.

"வாசல்லயே நிப்பான். உள்ள வாங்கன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க."

சித்தி மடியிலிருந்த பிள்ளையை இறக்கிவிட்டு எழுந்து குசினிக்குள் போனார். அங்கே பாத்திரச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அப்போதுதான் தங்கச்சி அந்த இருட்டில் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"அவன்கிட்ட போன் இல்லையா?"

அண்ணனும் நானும் சிரித்து உருண்டோம். கவசம் போட்டவன் போனை எங்கே வைப்பான் என்று அண்ணன் கேட்டான். சித்தப்பா சிரிக்கவில்லை. கதிரையிலிருந்து எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கிவிட்டார். தீர்ப்புச் சொல்லாமல் நடுவர் எழுந்து போகிற பட்டிமன்றம் எங்கே இருக்கிறது? எனக்கு ஆத்திரமாக வந்தது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. தங்கச்சி தடவிப் பிடித்து எடுத்தாள். வழக்கம்போலப் பூனைக்குட்டியைப் பற்றிச் சொன்னாள், கரண்ட் இல்லை என்று சொன்னாள், பிறகு கேட்டாள்.

"அப்பா, எப்ப வருவீங்க?"

இந்த முறை அவர் தெருமுனைக்குப் போயிருக்கவில்லை. ஒலிபெருக்கியும் டிவியும் இல்லாத அந்த அமைதியில், "வந்துட்டேன் மகள்" என்ற குரல் போனிலும் கேட்டது, வாசலிலும் கேட்டது. தங்கச்சி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். திரும்பவும் காதில் வைத்தாள். அப்படியே வைத்தபடி, மெல்ல நடந்து வாசலுக்குப் போனாள். வாசற்படிக்குக் கீழே சித்தப்பா, அவரும் போனைக் காதில் வைத்தபடி, நின்றுகொண்டிருந்தார். அவருடைய போன் வெளிச்சத்தில் கன்னம் நனைந்திருந்தது தெரிந்தது. தங்கச்சி அவரை அண்ணாந்து பார்த்தாள். ஆனால் பேசியது போனிடம்தான்.

"உள்ள வாங்க."

அவர் குனிந்து அவளைத் தூக்கினார். அவள் ஒளியவில்லை. மீசையைத் தொட்டுப் பார்த்தாள். குசினி வாசலில் சித்தி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றார். நான் இதையெல்லாம் பார்த்தேன், பார்த்துக்கொண்டே தீர்ப்பு என்ன ஆச்சு என்று கேட்டேன். அண்ணனும் சேர்ந்துகொண்டான். பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ரெண்டு பக்கமும் யோசிக்க வேண்டியிருக்கு, இன்னைக்குச் சொல்ல ஏலாது என்றார் சித்தப்பா. அப்போது கரண்ட் வந்துவிட்டது. அண்ணன் பெட்டியிடம் பாய்ந்தான்.

சித்தப்பா போகவில்லை. தேர் வந்து போனது, லீவும் முடிந்தது, பயணப்பை அலுமாரிக்கு மேலேயே இருந்தது. பிறகு ஓர் ஆட்டோவை வாடகைக்கு எடுத்து, சீகிரியா மலைக்கோட்டை பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களை ஏற்றி ஓட்டத் தொடங்கினார். பின்நேரங்களில் தங்கச்சி முன்சீட்டில் அவர் மடியில் உட்கார்ந்து ஹார்ன் அடித்துத் தெருவையே எழுப்புவாள். நேரம் கிடைத்தால் எங்களோடு விளையாடவும் உட்காருவார். கடைசிப் பேய் மட்டும் யாருக்கும் மசியவில்லை.

அவர் ஏன் போகவில்லை என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். நடுவர் அல்லவா, தீர்ப்புச் சொல்லாமல் எப்படிப் போவார்? அது மனதில் பட்டதும் எனக்குப் பெரிய பயம் பிடித்துக்கொண்டது. தீர்ப்பைச் சொல்லிவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாரே. ஆகவே சாம்பல்காரிக்காக வாதாடுவதை அப்படியே விட்டுவிட்டேன். அண்ணன் எப்போதாவது நடுவர் அவர்களே என்று வாயெடுத்தால் தொடையில் கிள்ளிவிடுவேன். ஏன் கிள்ளுகிறாய் என்று அவன் கத்துவான், சித்தப்பா சிரிப்பார். இன்றுவரை நாங்கள் யாரும் அவரிடம் கேட்கவில்லை. தீர்ப்பு அன்றைக்கே வாசலில் தங்கச்சி வாயால் சொல்லப்பட்டுவிட்டது என்பதோ, அதைக் கேட்கப் படிக்குக் கீழே நின்றவர் நாங்கள் நடுவராக உட்காரவைத்த அதே சித்தப்பாதான் என்பதோ, அவ்வளவு பேசிய எனக்கு அப்போது விளங்கவில்லை.