அண்ணன் ரூட்டர்ல கை வெச்ச கதை

எங்க அண்ணனுக்கு மூடின பொட்டின்னாலே ஆகாது. எதுவா இருந்தாலும் திறந்து உள்ள பார்த்தாத்தான் அவருக்குச் சோறு இறங்கும். வேலை லிஃப்ட் மெக்கானிக். நீங்க பட்டனைத் தட்டிட்டு கண்ணாடியில முடியைச் சரி பண்ணிட்டு நிக்கிறீங்களே, அப்போ உங்க தலைக்கு மேல மோட்டார் ரூம்ல கிரீஸ் கையோட உட்கார்ந்திருக்கிறது இவர் மாதிரி ஆளுங்கதான். வலது கைச் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். கல்யாணம் ஆன புதுசுல, இவர் உள்ள கை விட்டிருக்கும்போது கீழ ஒரு புண்ணியவான் சுவிட்சைப் போட்டுட்டான். மிச்ச கை தப்பிச்சதே பெரிசு.

அன்னைக்கு அண்ணி ஒரு சட்டம் போட்டாங்க. வீட்ல இவர் ஃபேனோ மிக்சியோ டியூப்லைட்டோ, எதுல கை வெச்சாலும் முதல்ல மெயின் அணையணும். அதையும் அண்ணிதான் அணைக்கணும், வேற யாரையும் நம்பமாட்டாங்க. இவர் ஸ்டூல் மேல ஏறி நின்னு "மெயின்"னு குரல் கொடுப்பார். அண்ணி வாசக்கதவு பக்கத்துல இருக்கிற போர்டுல மெயினை இறக்கிட்டு "ஆஃப்"னு பதில் குரல் கொடுப்பாங்க. அந்த 'ஆஃப்' தெருமுனை வரைக்கும் கேக்கும். அது காதுல விழுந்த பிறகுதான் இவர் கை நகரும். வேலை முடிஞ்சு இவர் கீழ இறங்குற வரைக்கும் அண்ணி அந்த போர்டை விட்டு அசையமாட்டாங்க.

நான் இவரோட தங்கச்சி. முன் ரூம்ல தையல் மெஷின் போட்டுக்கிட்டு இவங்களோடவே இருக்கேன். வாய் கொஞ்சம் நீளம். அது எனக்கே தெரியும், நீங்க வேற சொல்ல வேண்டாம். ஜாக்கெட் கை பாதி தைச்சுட்டு இருக்கும்போது மெஷின் மோட்டார் நின்னா யாருக்குத்தான் ஆத்திரம் வராது? "ஒரு பல்பு மாத்தறதுக்கு என்னமோ ராக்கெட் விடுற மாதிரி பண்றீங்களே"ன்னு கத்துவேன். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் காதுல வாங்கிக்கவே மாட்டாங்க.

போன வருஷம் அண்ணிக்குத் தொண்டையில கட்டி. ஆபரேஷன் பண்ணி உயிரைக் காப்பாத்திட்டாங்க, குரல் மட்டும் போயிடுச்சு. கழுத்துல ஒரு ஓட்டை, இப்போ மூச்சு அது வழியாத்தான். எந்நேரமும் சத்தமா இருந்த வீடு அப்படியே அடங்கிப் போச்சு. ஆனா சட்டம் மட்டும் போகல. 'ஆஃப்'னு குரல் கொடுக்கிறதுக்குப் பதிலா இப்போ ரெண்டு கைதட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் தடவையா அண்ணன் ஸ்டூல்ல ஏறி, பழக்க தோஷத்துல "மெயின்"னார். பட் பட்னு ரெண்டு தட்டு கேட்டுச்சு. அவர் மேல கையைத் தூக்காம கொஞ்ச நேரம் அப்படியே நின்னார்.

இவங்களுக்கு ஒரே பொண்ணு. அப்பன் புத்தி அப்படியே வந்து, கப்பல்ல இன்ஜின் ரூம்ல வேலை பார்க்கிறா. கப்பல் நடுக்கடல்ல இருந்தா ரெண்டு வரி மெசேஜ்தான் வரும். கரையில நின்னாத்தான் முகம் பார்த்துப் பேச முடியும். அம்மாவுக்கு ஆபரேஷன் நடக்கும்போது அவ நடுக்கடல்ல இருந்தா. அதுக்கப்புறம் ஒரு துறைமுகத்துல கப்பல் நின்னதும் கூப்பிட்டா. அண்ணி தலைவாரி, கழுத்து ஓட்டை தெரியாம மெல்லிசா ஒரு துணி கட்டிக்கிட்டு, பொண்ணு பார்க்க வர்றாங்கன்னா உட்காருவாங்களே, அந்த மாதிரி போன் முன்னாடி உட்கார்ந்தாங்க. அவ முகம் தெரிஞ்சுது, அவ்வளவுதான். படம் அப்படியே நின்னு போச்சு. அவ பக்கமும் நின்னிருக்கு. "அம்மா, இருக்கியா? அம்மா, கேக்குதா?"ன்னு குரல் மட்டும் விட்டு விட்டு வருது. அண்ணி கையை ஆட்டறாங்க, தலையை ஆட்டறாங்க. அவளுக்கு எப்படித் தெரியும்? மத்தவங்கன்னா படம் நின்னா பேசிக்கலாம். குரல் இல்லாதவங்களுக்கு படமும் நின்னா, எதிர்ல ஆள் இருக்காங்களா இல்லையான்னே தெரியாது. அந்தப் பொண்ணு அழுற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு, அப்புறம் அதுவும் அறுந்து போச்சு. அண்ணி அன்னைக்கு முழுக்க யார் முகத்தையும் பார்க்கல.

எல்லாத்துக்கும் காரணம் அலமாரி மேல இருந்த வைஃபை ரூட்டர். வீடியோ ஓட ஆரம்பிச்சா தானா செத்து, தானா பிழைக்கும். எங்க வீடு உயரமான கட்டடங்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்ட வீடு. போன்ல சிக்னல் ஒத்தைக் கோடு நின்னாலே அதிகம், அதுல மெசேஜ் வரும், பேச்சு வரும், படம் வராது. மெயின் ரோட்டுக்குப் போய்ப் பேசலாம்னா, தூசி பக்கமே போகக் கூடாதுன்னு அண்ணிக்கு டாக்டர் சொல்லியிருக்கார்.

"அந்தச் சனியனைத் தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு வாங்குங்க"ன்னு அண்ணன்கிட்ட சொன்னேன்.

"பொட்டி நல்லாத்தான் இருக்கு. உள்ள ஓடுற சாஃப்ட்வேர்தான் பழசு. கம்பெனிக்காரன் அதைக் கவனிக்கிறதையே விட்டுட்டான். அதை அழிச்சிட்டு வேற ஏத்தலாம்"னார்.

இந்த யோசனையைக் கொடுத்தது அவரோட வேலை செய்யற பேனல்காரர். லிஃப்ட்ல மோட்டாரும் கயிறும் அண்ணன் பொறுப்புன்னா, எந்த மாடியில நிக்கணும்னு சொல்ற எலக்ட்ரானிக் போர்டெல்லாம் அவர் பொறுப்பு. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், தெரிஞ்சவங்க திருத்தலாம்னு ஒரு சாஃப்ட்வேரைப் பொதுவுல வெச்சிருக்காங்களாம். எங்கெங்கேயோ இருக்கிறவங்க ஆளுக்குக் கொஞ்சம் எழுதினதாம். அவர் வீட்டு ரூட்டர்ல அதுதான் ஓடுதாம், நிக்கிறதே இல்லையாம்.

"முன்ன பின்ன தெரியாதவன் சும்மா கொடுக்கிறதை வீட்டுக்குள்ள விடுறதா?"ன்னேன்.

"நீ பட்டன் தை"ன்னார் அண்ணன்.

லீவு நாளாப் பார்த்து காலையிலேயே உட்கார்ந்தார். ஊசி கோக்க நான் வெச்சிருக்கிற லென்ஸை வாங்கி, ரூட்டரைக் கவுத்துப் போட்டு, அடியில இருந்த மாடல் நம்பரைப் பேனல்காரருக்கு போன்ல எழுத்து எழுத்தா படிச்சார். வேற மாடலுக்கு உள்ளதை ஏத்திட்டா ரூட்டர் வெறும் சோப்பு டப்பாதானாம். அப்புறம் மூடியைக் கழட்டி உள்ள இருந்த தூசியை ஊதினார். அதுக்கு அவசியமே கிடையாது, ஆனா திறக்காம இவரால இருக்க முடியாதே. பொண்ணோட பழைய லேப்டாப்பை ஒயர் போட்டு ரூட்டரோட கோத்து, பொறுக்கி எடுத்த ஃபைலைக் கொடுத்து, ஏத்துன்னு தட்டினார். திரையில ஒரு பச்சைக் கோடு நகர ஆரம்பிச்சுது.

"இது முடியற வரைக்கும் கரண்ட் மட்டும் போகக் கூடாது"ன்னு எனக்குச் சொன்னார். அண்ணிக்குச் சொல்லல. அண்ணி மாடியில துணி காயப் போட்டுட்டு இருந்தாங்க.

கோடு பாதிக்கு வந்திருக்கும். அண்ணி காலி வாளியோட படி இறங்கி வந்தாங்க. அண்ணி கண்ணுக்குத் தெரிஞ்சது இதுதான்: மேஜை மேல மூடி திறந்த பொட்டி, உள்ள லைட்டு எரியுது, புருஷன் கையில ஸ்க்ரூ டிரைவரோட அதுக்கு மேல குனிஞ்சு உட்கார்ந்திருக்கார். வாளி கீழ விழுந்துச்சு. நான் "அண்ணி"ன்னு மெஷினை விட்டு எழுந்திரிக்கிறதுக்குள்ள என்னைத் தாண்டி ஓடி மெயினை இறக்கிட்டாங்க. பட் பட்னு ரெண்டு தட்டு.

என் மெஷின் நின்னுச்சு, ஃபேன் நின்னுச்சு. லேப்டாப் மட்டும் பேட்டரியில ஓடிட்டு இருந்துச்சு, அதுல அந்தப் பச்சைக் கோடு பாதியில நின்னுச்சு. அண்ணி போர்டு பக்கத்துல மூச்சு வாங்கிட்டு நிக்கிறாங்க. நல்லவேளை பார்த்தோம்னு முகத்துல அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்த்துட்டு அண்ணன் ஸ்க்ரூ டிரைவரை மெதுவா மேஜை மேல வெச்சார். எனக்குத்தான் நாக்குல நரம்பு கிடையாதே. "இப்போ அணைக்கக் கூடாது அண்ணி, பாதியில நின்னா ரூட்டர் போச்சு"ன்னு சொல்லிட்டேன். அந்த முகம் மாறினதை நான் பார்த்திருக்க வேண்டாம்.

மெயினைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். எல்லாம் வந்துச்சு, ரூட்டர்ல ஒத்தை லைட்டு மட்டும் அசையாம எரியுது, வேற ஒண்ணும் இல்லை. அந்த நேரம் பார்த்து போன்ல பொண்ணோட மெசேஜ். 'கப்பல் சீக்கிரமே கரைக்கு வந்துடுச்சு. சாயங்காலம் கூப்பிடறேன். ராத்திரி கிளம்பிடுவோம், அடுத்த கரைக்கு நாள் ஆகும். அம்மாவைக் காட்டுங்கப்பா.'

நான் செருப்பு மாட்டிக்கிட்டு கடைக்கு ஓடினேன். லீவு நாளாச்சே, தெரு முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடக்கு. திரும்பி வந்தா, அண்ணி படிக்கட்டுல உட்கார்ந்து ரெண்டு கையையும் கக்கத்துல வெச்சு இறுக்கிக்கிட்டு இருக்காங்க. அந்தக் கையை வெட்டிப் போட்டுடலாமான்னு இருந்திருக்கும் போல.

அண்ணன் அதுக்குள்ள பேனல்காரரைப் பிடிச்சிட்டார். "சாகல, மயங்கிக் கிடக்கு"ன்னாராம் அவர். பின்னாடி ஒரு சின்ன ஓட்டைக்குள்ள பட்டன் இருக்கும். அதை ஊசியால அழுத்திப் பிடிச்சுக்கிட்டே கரண்ட் கொடுத்தா, சில பொட்டி கண் முழிச்சு லைட்டைப் படபடன்னு அடிக்கும். அந்த நேரத்துல லேப்டாப்பிலிருந்து ஃபைலை அனுப்பினா வாங்கிக்குமாம். அடிக்கலன்னா கைவிட வேண்டியதுதான்னு சொல்லியிருக்கார்.

நான் தடிச்ச ஊசி ஒண்ணு எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் ஒரு கையில ஊசி, ஒரு கை லேப்டாப் மேல. "நான் போடுறேன்"னு போர்டு பக்கம் போனேன்.

"நீ இரு. அவ வரணும்"னார். ஊசியைக் கீழ வெச்சிட்டு போய் அண்ணி பக்கத்துல படியில உட்கார்ந்தார்.

"உன் மேல தப்பில்ல"ன்னார். "நீ வழக்கமா செய்யறதைத்தான் செஞ்ச. கை வெக்கறதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்றவன், இன்னைக்குத்தான் முதல் தடவையா சொல்லாம கை வெச்சேன். என்ன ஆச்சு பாரு. வந்து மெயின்கிட்ட நில்லு."

அண்ணி தலையை ஆட்டினாங்க, மாட்டேன்னு.

"நீ போர்டுல நிக்கலன்னா நான் கை வெக்கமாட்டேன். சாயங்காலம் பாப்பா கூப்பிடட்டும், யாரும் இல்லைன்னு அழட்டும்."

அண்ணி அவரை முறைச்சாங்க. பிறகு கக்கத்திலிருந்து கையை எடுத்தாங்க. மெயினைப் போட்டா ஒரு தட்டு, அணைச்சா ரெண்டு தட்டுன்னு பேசி வெச்சுக்கிட்டாங்க. அண்ணன் "மெயினைப் போடு"ம்பார், அண்ணி போடுவாங்க, ஒரு தட்டு கேக்கும். ரூட்டர் லைட்டு அசையாம எரியும். "அணை"ம்பார். ரெண்டு தட்டு. மறுபடியும் ஊசி, மறுபடியும் மெயின். இப்படியே எத்தனையோ தடவை ஆச்சு. நான் கணக்கு வெச்சுக்கல, வெக்கப் பயமா இருந்துச்சு. அண்ணி கையெல்லாம் சிவந்து போச்சு, ஆனா ஒரு தட்டு கூட விடல.

நான் எழுந்து டீ போடப் போகலாம்னு நினைச்சப்போ லைட்டு படபடன்னு அடிச்சுது.

அண்ணன் அந்த அரை விரல் கையால லேப்டாப்ல ஒரு தட்டு தட்டினார். கோடு நகர்ந்துச்சு. அண்ணி போர்டு முன்னாடி ரெண்டு கையையும் விரிச்சு, யாராவது மெயின் பக்கம் வந்தா கடிச்சிடுவேங்கிற மாதிரி நின்னாங்க. கோடு முழுசா முடிஞ்சுது. எல்லாம் ஏறிடுச்சு, ஆனா போன்ல வைஃபையைக் காணோம். பேனல்காரர் போன்ல சிரிக்கிறார். இந்த சாஃப்ட்வேர்ல வைஃபை அணைச்சே வருமாம், நாமதான் போட்டுக்கணுமாம். "இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானேய்யா"ன்னு அண்ணன் கையிலிருந்து போனைப் பிடுங்கி நானே கேட்டேன்.

சாயங்காலம் பொண்ணு கூப்பிட்டா. அண்ணி அதே மெல்லிசுத் துணியைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தாங்க. அவ முகம் வந்துச்சு, கருத்துப் போய், கன்னத்துல எண்ணெய்க் கறையோட. நான் ரூட்டரையே பார்த்துட்டு இருந்தேன். அண்ணனும்தான். படம் நிக்கல.

அம்மாவும் பொண்ணும் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அண்ணி மெதுவா கழுத்துத் துணியை அவிழ்த்துக் காட்டினாங்க. அவ உதட்டைக் கடிச்சுக்கிட்டு பார்த்தா. "வலிக்குதாம்மா?"ன்னா. இல்லைன்னு தலையாட்டினாங்க. அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு தெரியல அண்ணிக்கு. கொஞ்சம் யோசிச்சாங்க. அப்புறம் போன் முன்னாடி கையை நீட்டி, பட் பட்னு ரெண்டு தட்டு தட்டினாங்க.

அவளுக்குப் புரியல. அண்ணன் எட்டிப் பார்த்து, "அதுதான் இப்போ 'ஆஃப்', பாப்பா"ன்னார். "அம்மா மெயினை அணைச்சிட்டா, நான் கை வெக்கலாம்னு அர்த்தம்."

அவ சிரிச்சா, சிரிப்பு பாதியிலேயே அழுகையாச்சு. துடைச்சுக்கிட்டு சொன்னா: "அம்மா, இங்க நான் எந்த மெஷின்ல கை வெக்கறதுக்கு முன்னாடியும் நின்னுடுவேன். கூட இருக்கிறவங்க கிண்டல் பண்ணுவாங்க, என்ன நிக்கிறன்னு. நீ 'ஆஃப்'னு கத்துறது காதுல கேட்ட பிறகுதான் கை வெப்பேன். இன்ஜின் என்ன சத்தம் போட்டாலும் கேக்கும்மா. உன் குரல்லதான்."

அண்ணி ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டாங்க. தோள் குலுங்குது, சத்தம் வரல. ரூட்டர் பழையபடி நின்னிருந்தா அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. இன்னைக்கு எல்லாத்தையும் அவ பார்த்துட்டே இருந்தா.