படகு முனையில் தொங்கிய லாந்தர்

சூளூர்பேட்டைக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் வீடு. நானும் அக்காவின் புருஷனும் சேர்ந்து ஒரு சின்னத் துடுப்புப் படகு ஓட்டினோம். தீவுகளுக்கு ஆட்களை ஏற்றிப் போவோம். மாமா துடுப்பு வலிப்பார். வலிக்கிறவருக்கு முதுகு படகின் முனைப்பக்கம் இருக்கும். லாந்தர் அந்த முனையில், ஒரு கழியில் தொங்கும். எரிகிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. பின்னால் உட்கார்ந்த நான்தான் சொல்ல வேண்டும். அந்த வெளிச்சத்தில் எங்களுக்கு வழி ஒன்றும் தெரிந்துவிடாது. பாய் கட்டிய பெரிய தோணிகள் எங்களைக் கண்டு ஒதுங்கத்தான் அது.

லாந்தரைப் பார்த்துக்கொண்டது அக்கா. கண்ணாடியைச் சாம்பல் தொட்டுத் துடைப்பாள். திரியின் கருகிய நுனியை நேராக வெட்டுவாள். கோணலாக வெட்டினால் புகை கக்கிக் கண்ணாடி கறுத்துப்போகும்.

ஆந்திரா தனியாகப் பிரிந்த புதிது. ஏரியின் தென்கரை மெட்ராஸ் பக்கம், நாங்கள் ஆந்திரா பக்கம் என்று ஆகியிருந்தது. ஐப்பசி மழையில் ஒருநாள் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது இருட்டிவிட்டது. ஓர் அலை முனையில் மோதித் தெறித்தது. சூடாக இருந்த கண்ணாடி படீரென்று உடைந்து கொட்டியது.

"மாமா, கண்ணாடி ஒடைஞ்சி பூட்ச்சி. வெளக்கு அணைஞ்சிட்ச்சி."

"தீப்பெட்டி கீதா?"

"நனைஞ்சி கெடக்குது."

"பத்த வச்சாலும் இந்தக் காத்துல நிக்காது. சத்தம் போட்டுக்கினே வா."

கத்திக்கொண்டே வந்தோம். காற்று எங்கள் குரலைப் பின்னால் அடித்துக்கொண்டு போனது. பாய்மரம் முனகும் சத்தம் கேட்டபோது தோணி மிகவும் கிட்டத்தில் இருந்தது. மாமா எழுந்து துடுப்பைத் தூக்கி ஆட்டினார்.

"வெளக்கு இல்லாம அவனுக்குத் தெரியலடா!"

தோணி எங்கள் முனையில் ஏறியது. தண்ணீரில் விழுந்த என்னைத் தோணிக்காரர்கள் இழுத்துப் போட்டார்கள். தங்கள் விளக்கைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றித் தேடினார்கள். மாமா கிடைக்கவில்லை.

விடிந்த பிறகு வலைக்காரர்கள் அவரைத் தென்கரையில் கண்டார்கள். அங்கிருந்த போலீஸ்காரர், "ஆந்திரா ஆளுதானே, அங்க போயி எழுதிக் குடு" என்றார். இந்தக் கரைக்கு ஓடி வந்தேன். "பாடி அக்கட உந்தி கதா, வாள்ளனே அடுகு" என்று, பிணம் கிடக்கும் பக்கத்தாரையே கேட்கச் சொல்லிவிட்டார் இங்கிருந்த போலீஸ்காரர். நான் அலைந்துகொண்டிருந்த நேரமெல்லாம் மாமா ஓலைப்பாயில் வெயிலில் கிடந்தார். வீட்டுக்குக் கொண்டுவரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

காரியம் முடிந்த பிறகு அக்கா என்னிடம் கேட்டாள்.

"கடைசியா இன்னாடா சொன்னாரு?"

விளக்கு இல்லாமல் தோணிக்காரனுக்குத் தெரியவில்லை என்று அவர் கத்தியதைச் சொன்னேன்.

"நான் தொடைக்கும்போதே விரிசல் வுட்டிருக்கும். என் கண்ணுல படல."

"இல்லக்கா. அலையடிச்சிதான் ஒடைஞ்சிது. எதிர்ல குந்திக்கினு நான் பாத்தேன்."

எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவில்லை.

படகைச் செப்பனிட்டு மறுபடியும் ஓட்டினேன். வேறு பிழைப்பு எனக்குத் தெரியாது. முனையில் ஒன்று, உள்ளே மூடி வைத்தது ஒன்று என்று இரண்டு லாந்தர். தீப்பெட்டியை இறுக மூடும் தகர டப்பாவில் வைத்தேன். அக்கா அவற்றைத் தொடவே இல்லை. நானே துடைத்தேன், நானே திரி வெட்டினேன்.

பிறகு நகரியில் சொந்தக்காரர் வீட்டுக்குத் தறி வேலைக்குப் போய்விட்டாள். நான் பார்க்கப் போனால் சோறு போடுவாள், மழை உண்டா என்று கேட்பாள். படகைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள்.