மேடையில் மகன் பேசியது

1986 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து இருபது. விடியலிலிருந்து விடாத மழை. கூடத்தில், எங்களுடையதும் வாடகைக்கு எடுத்ததுமாக இரண்டு வீடியோ இயந்திரங்களையும் ஒரு கேசட் ரெக்கார்டரையும் வயரால் இணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஓர் இயந்திரத்திலிருந்து படமும், ரெக்கார்டரிலிருந்து குரலும், மற்ற இயந்திரத்தில் ஒருசேரப் பதிய வேண்டும்.

மகளின் கல்யாண வரவேற்பில் அவள் அண்ணன், எங்கள் ஒரே மகன், மைக்கைப் பிடித்து முக்கால் நிமிடம் பேசினான். அதிலிருந்து ஐந்தாம் மாதம் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். அவன் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. கல்யாண வீடியோவிலோ அவன் வாய் அசைகிறது, கேட்பது சினிமாப் பாட்டு. அவன் பேசுவதை ஒரு தடவை கேட்க வேண்டும் என்றாள் என் மனைவி. வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

சிங்கப்பூர் தேக்காவில் அந்த வீடியோவை எடுத்த கடைக்காரரிடம் முதலில் போயிருந்தேன்.

“எல்லாக் கல்யாணத்துக்கும் பாட்டுதாண்ணே போடுறது. தட்டு சத்தம், பிள்ளைங்க அழுற சத்தம், இதையெல்லாம் யாரு கேப்பா?”

“மொதல்ல எடுத்த டேப்பு இருக்குமே?”

“அதுல அப்புறம் ரெண்டு கல்யாணம் ஏறிடுச்சுலா. சாரிண்ணே.”

பிறகுதான் சம்பந்தியின் அண்ணன் நினைவு வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், காத்தோங்கில் வீடு. நாதஸ்வரப் பித்து, எந்தக் கல்யாணத்துக்கும் ரெக்கார்டரோடுதான் வருவார்.

“நான் மேளம் மட்டும்தான் எடுக்கிறனான். ஆக்கள் கதைக்கத் தொடங்கினா நிப்பாட்டிப் போடுவன்,” என்றார். என் முகத்தைப் பார்க்காமலே கேசட்டை நீட்டினார். “சிலநேரம் கை பிந்தியிருக்கும். கேட்டுப் பாருங்கோ.”

பிந்தித்தான் இருந்தது. மேளம் ஓய்ந்ததும் ஒரு குரல்: “எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும். யாராச்சும் சாப்பிடாம போனீங்கன்னா, எங்கம்மா...”

அங்கே நின்றுவிட்டது.

“இது அவனில்ல. சின்னப் பிள்ளை குரலாட்டம் இருக்கு,” என்றாள் மனைவி.

கேசட்டைத் தந்தவர் தேய்ந்த பேட்டரியில் பதிவு செய்திருக்கிறார். மெதுவாக ஓடிப் பதிந்தது என் புதுப் பேட்டரியில் வேகமாக ஓடுகிறது. டார்ச் விளக்கிலிருந்து பழைய பேட்டரிகளைக் கழற்றி ரெக்கார்டரில் போட்டேன். குரல் இறங்கி அவனுடையதாயிற்று. அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, உதட்டோடு குரல் சேர்வதுதான் பெரும்பாடு. பொத்தானை நான் ஒரு நொடி முந்தினால் அவன் வாய் திறக்கும்முன்பே பேசினான். பிந்தினால் மூடியபின் பேசினான். பதினேழாவது முறை சேர்ந்தது. “எங்கம்மா”வுக்குப் பிறகு பாட்டைச் சேர்க்காமல் வெறும் படமாகவே விட்டேன். சத்தமில்லாமல் அவன் தொடர்ந்து பேசினான். முன்வரிசை சிரித்தது.

“அப்புறம் என்னங்க சொன்னான்? இப்படிச் சிரிக்கிறாங்க?”

“நீயும் அங்கதானே இருந்த.”

“நான் பந்தியில நின்னேன். நீங்கதானே முன்னாடி உக்காந்திருந்தீங்க.”

உட்கார்ந்திருந்தேன். நினைவில்லை. மகளுக்குப் போன் செய்தேன். “எங்கம்மா வீடு வரைக்கும் சோத்தோட துரத்திட்டு வருவாங்க” என்றானாம். சம்பந்தி வேறொன்று சொன்னார். மனைவி திரைக்கு அருகில் போய் உட்கார்ந்து, அவன் வாயசைவோடு ஒவ்வொன்றையும் தானே சொல்லிப் பார்த்தாள். மகள் சொன்னது முடிவதற்குள் அவன் வாய் மூடிவிட்டது. சம்பந்தி சொன்னது தீர்ந்த பிறகும் அவன் பேசிக்கொண்டிருந்தான்.

“திரும்பப் போடுங்க,” என்றாள்.

போட்டேன். இரண்டாவது இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் வரை போட்டேன். அதன் வாடகை, இரண்டு வெற்று நாடா, வயர், காத்தோங்குக்குப் போய்வந்த டாக்சி, எல்லாம் சேர்த்து எழுபத்தாறு வெள்ளி நாற்பது காசு.