யத்விகாவின் நாற்பத்திரண்டாவது படம்

யத்விகா கஸிமிரவ்னா பேருந்தில் டிக்கெட் பரிசோதிப்பவள். ஊரில் அவளைக் கண்டு முகம் சுளிக்காதவர் கிடையாது. அவள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவரும் கிடையாது. அபராதம் கட்டிவிட்டு, முடியைக் கோதிக்கொண்டு, "இந்தப் பக்கமா நிக்கவா?" என்று கேட்டவர்கள் உண்டு.

பணியில் இருபத்தைந்து ஆண்டு முடித்ததற்கு அவள் எதிர்பார்த்தது ஒரு சுவர்க்கடிகாரம். அவளுக்கு முன்னால் முடித்த ஏழு பேருக்கும் சுவர்க்கடிகாரம்தான். அவள் முறை வந்த அன்று கடையில் கடிகாரம் தீர்ந்துபோயிருந்தது. தொழிற்சங்கத்தார் கைக்கு அகப்பட்ட மலிவான அகாத் கேமரா ஒன்றை வாங்கி, சிவப்பு நாடா கட்டி, சொற்பொழிவும் ஆற்றிக் கொடுத்துவிட்டார்கள். முழுக்கப் பிளாஸ்டிக், சோப்புக்கட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. வெயில், மேகம், மழை என்று குறி போட்ட வளையம் ஒன்று அதில் இருந்தது. வானத்தை அண்ணாந்து பார்த்துத் திருப்பத் தெரிந்தால் போதும், படம் விழும்.

மற்ற கேமராக்கள் பிலிமில் ஒரு கட்டத்துக்கு ஒரு படம் எடுக்கும். இது அதே கட்டத்தை நடுவில் பிளந்து இரண்டு எடுக்கும். முப்பத்தாறு படச் சுருளில் எழுபத்திரண்டு. பிலிம் மிச்சமாகட்டும் என்று செய்த கருவி. யத்விகாவோ பிறவியிலேயே எதையும் வீணாக்காதவள். இரண்டும் சேர்ந்ததில் ஒரு சுருள் முடிய எட்டு மாதம், சில சமயம் பத்து மாதம் ஆயிற்று. புத்தாண்டு மரமும் மே மாத ஊர்வலமும் உருளைக்கிழங்கு தோண்டலும் ஒரே சுருளில் கிடக்கும். கல்யாணப் படம் கைக்கு வரும்போது சிலருக்கு விவாகரத்தே ஆகியிருக்கும். அவர்களும் வாங்கிப் பார்த்து, படம் என்னவோ நன்றாகத்தான் வந்திருக்கிறது என்பார்கள்.

"எங்க படம் எப்பதான் வரும்?" என்று யாராவது பேருந்தில் மடக்கினால் பதில் தயாராக இருக்கும்.

"இன்னும் முப்பத்தொண்ணு பாக்கி. அவசரம்னா இன்னொரு பிள்ளை பெத்துக்க, அதையும் சேர்த்து எடுத்துத் தரேன். டிக்கெட் எங்க?"

படங்களைக் கழுவிக் கொடுப்பவர் கலாச்சார இல்லத்து இருட்டறைக்காரர் இபலித். படத்தைப் பெரிதாக்கும் அவருடைய கருவியில் பிலிமைப் பிடிக்கும் தகட்டுச் சட்டம் முழுக்கட்டத்துக்கு ஆனது, அரைக்கட்டத்துக்குக் கிடையாது. புதுச் சட்டம் கேட்டு மாவட்டத்துக்கு மனுப் போட்டிருந்தார். மனு பரிசீலனையில் இருந்தது. அதுவரை பக்கத்துப் பக்கத்துப் படங்கள் இரண்டும் ஒரே தாளில் ஜோடியாகவே வந்தன. முதலாவதும் இரண்டாவதும், மூன்றாவதும் நான்காவதும் என்று கடைசிவரை. ஒரு வீட்டுக் குழந்தையும் இன்னொரு வீட்டுப் பன்றியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்.

வெட்டிக்கொண்டால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. ஆள் இருக்கிற படத்தில் கத்தரிக்கோல் வைக்கக் கூடாது, வைத்தால் அந்த ஆளுக்கு ஆகாது. கடவுள் இல்லை என்று கூட்டத்தில் எழுந்து பேசுகிறவர்கள்கூட இதில் மட்டும் உறுதியாக இருந்தார்கள். அதனால் ஊரில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் அடுத்தவர் வாழ்க்கை பாதி தொங்கியது. ஒருமுறை பால்பண்ணை மேலாளரும் கால்நடை மருத்துவரின் மனைவியும், வேறு நாளில் வேறு இடத்தில் சிரித்தவர்கள், ஒரே தாளில் சிரித்தபடி வந்து சேர்ந்தார்கள். இரண்டு வீட்டிலும் பத்து நாள் அடுப்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. அதற்குப் பிறகு யத்விகா எண் பார்த்துத்தான் எடுத்தாள். ஒற்றைப்படையில் ஒருவர் விழுந்துவிட்டால், அடுத்த இரட்டைப்படைக்கு யார் பொருத்தம் என்று யோசிப்பாள். பொருத்தம் பார்ப்பது என்றால் எப்போதும் சண்டையைத் தவிர்ப்பதற்காக என்று சொல்ல முடியாது.

அந்தச் செப்டம்பரில் நாற்பத்தொன்றாவது படமாக விழுந்தது, ஏழாம் எண் பேருந்து காட்டுக்குள் நின்ற காட்சி.

ஏழாம் எண்ணுக்குக் காட்டில் நிறுத்தம் கிடையாது. ஆனால் மழை பெய்து இரண்டு நாள் வெயில் அடித்தால், பதினாலாம் கிலோமீட்டர் கல்லருகே ஓட்டுநர் லியாவோன் வண்டியை ஓரங்கட்டி, "என்ஜின் சூடாயிடுச்சு, பத்து நிமிஷம்" என்பான். என்ஜின் பனிக்கட்டியாக இருக்கும். கூடையும் கத்தியுமாக மொத்த வண்டியும் இறங்கிக் காளானுக்குப் போகும். பத்தாவது நிமிடம் ஹாரன் அடித்ததும் எல்லோரும் வந்து உட்கார்ந்து, காட்டுப் பக்கமே போகாதவர்கள் போல முகத்தை வைத்துக்கொள்வார்கள். யாரும் வெளியே மூச்சு விடமாட்டார்கள். அந்த ஊரில் மனிதர்கள் சம்பளத்தைச் சொல்வார்கள், வியாதியைச் சொல்வார்கள், மாமியாரைப் பற்றி எல்லாம் சொல்வார்கள். காளான் பறிக்கிற இடத்தை மட்டும் கட்டின பெண்டாட்டியிடமும் சொல்லமாட்டார்கள்.

அன்று வண்டியில் வெளியாள் ஒருவர் இருந்தார். கன்னத்தைத் துணியால் கட்டிக்கொண்டு பல் மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தவர். பத்து நிமிடத்தில் அவருடைய முறை தவறிப்போயிற்று. மூன்றாம் நாள் பணிமனை இயக்குநருக்குக் கையெழுத்தில்லாத கடிதம் ஒன்று வந்தது. பேருந்து காட்டில் நின்றது, டிக்கெட் பரிசோதகரே கேமராவை எடுத்து எல்லோரையும் கூடையை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார் என்று அதில் எழுதியிருந்தது. உண்மை. கூடையை உயர்த்தச் சொன்னது அவள்தான்.

இயக்குநர் யூலியன் தராசவிச் அவளை அழைத்தார்.

"மொட்டைக் கடிதாசிய வச்சு நான் யாரையும் தண்டிக்க முடியாது, யத்விகா கஸிமிரவ்னா. ஆனா படம் இருந்தா முடியும். லியாவோனை வண்டி கழுவுற இடத்துக்கு மாத்திடுவேன். படத்தை எல்லாரும் பாக்கக் கண்டனப் பலகையில ஒட்டிடுவேன். சுருளைக் குடுங்க."

"சுருள் முடியல, யூலியன் தராசவிச். இன்னும் முப்பத்தொண்ணு இருக்கு."

"எப்ப முடியும்?"

"வசந்தத்துல."

அவர் பென்சிலை மேசையில் தட்டினார். "சரி, அந்தப் படத்துல பின்னால என்ன தெரியும்? பைன் மரமா, பிர்ச் மரமா? கிலோமீட்டர் கல்லு விழுந்திருக்கா?"

வண்டியை நிறுத்தியது யார் என்று அவர் கேட்கவில்லை. எத்தனை நிமிடம் என்று கேட்கவில்லை. கேட்டது மரத்தை. யத்விகா அவருடைய கைகளைப் பார்த்தாள். கட்டை விரல் நகத்தடியில் காளான் சுத்தம் செய்கிறவர்களுக்கு வரும் பழுப்பு. ஒழுங்கு நடவடிக்கை எந்தக் காட்டிலிருந்து கிளம்பியது என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"பாதிக் கட்டப் படம், ரொம்பச் சின்னது," என்றாள். "மரம் மரமாத்தான் தெரியும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குப் படம் வேணும்."

லியாவோன் பணிமனை வாசலில் காத்திருந்தான். அவனுக்குத் தெரிந்த தொழில் அந்த ஏழாம் எண் ஒன்றுதான்.

"அத்தை, அந்த டப்பாவத் திறந்துடு. வெளிச்சம் பட்டா எல்லாம் போயிடும். யாரைக் கேக்கப் போறாங்க?"

"எல்லாம்னா எதெல்லாம்னு தெரியுமாடா? உன் தங்கச்சி கல்யாணம் இதுல இருக்கு. ஸ்தானிஸ்லாவ் செத்துப்போறதுக்கு முந்தின வாரம் அக்கார்டியன் வாசிச்சது இருக்கு. உன் ஒரு ஆளுக்காக நாப்பது பேரை அழிக்கவா?"

"அப்ப நான் வண்டி கழுவவா?"

"கழுவினா என்ன, உன் வண்டி பாக்கிற மாதிரியா இருக்கு?" என்றாள். பிறகு கேமராவின் எண் சாளரத்தைக் காட்டினாள். "நாப்பத்தொண்ணு முடிஞ்சிருக்கு. நாப்பத்திரண்டு காலி. அதை நெனச்சுக்கிட்டுத் தூங்கு."

மறுநாள் காலையில் அவளே இயக்குநர் அறைக்குப் போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்களுக்கு அந்த இடம்தான தெரியணும்?"

"விசாரணைக்காக," என்றார் அவர்.

"விசாரணைக்காகத்தான். பதினாலாம் கிலோமீட்டர்."

யூலியன் தராசவிச் சிரித்தார். காளான் இடத்தைக் கேட்டால் முதலில் சொல்வது பொய், நெருக்கிப் பிடித்தபின் சொல்வதுதான் நிஜம் என்பது அந்தப் பக்கத்தில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். அவரும் அந்தப் பக்கத்துக்காரர்தான்.

"என்னை யாருன்னு நெனச்சீங்க? நான் முப்பது வருஷமா காட்டுக்குப் போறவன். லியாவோன் கதை உங்க கையில இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

யத்விகா ஜன்னலைப் பார்த்தாள். கைக்குட்டையை எடுத்தாள், மடித்தாள், திரும்ப விரித்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள்.

"இருபத்தொன்பது," என்றாள். "கல்லுக்கு இடது பக்கம், உள்ள. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்றார் அவர். அதை அவர் மனதாரத்தான் சொன்னார்.

இருபத்தொன்பதாம் கிலோமீட்டரில் இடது பக்கம் சதுப்பு நிலம். அதில் தவளை வளரும், காளான் வளராது. சனி, ஞாயிறு என்றால் காட்டில் ஆள் இருக்கும், பார்த்துவிடுவார்கள்; ஆகவே அவர் வேலை நாளில்தான் போவார் என்று யத்விகா கணக்குப் போட்டாள். வியாழன் காலை பதினொரு மணிக்கு ஏழாம் எண் அந்த இடத்தைக் கடந்தபோது, சாலையோரத்தில் பணிமனையின் சாம்பல் நிற வோல்கா கார் நின்றிருந்தது.

"மெதுவாப் போடா," என்றாள் லியாவோனிடம்.

நாணலுக்கு நடுவே யூலியன் தராசவிச் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். இன்னொரு காலின் ரப்பர் பூட்ஸ் சேற்றுக்குள் இருந்தது, கால் மட்டும் வெளியே வந்திருந்தது. கையில் வெறுங்கூடை. அகாத் கேமராவை நேராகப் பிடித்தால் படம் குறுகலாக, உயரமாக விழும். ஒற்றைக் காலில் நிற்கிற மனிதனுக்காகவே அளவெடுத்தது போல இருந்தது. வானத்தைப் பார்த்தாள், வளையத்தை மேகத்துக்குத் திருப்பினாள், அமுக்கினாள்.

மீதி முப்பது படங்களை அன்று மாலையே எடுத்து முடித்தாள். எட்டு மாதத்தில் நாற்பது எடுத்தவள் ஒரே மாலையில் முப்பது எடுத்ததைப் பார்த்துப் பணிமனையே கலங்கிவிட்டது. மெக்கானிக், காவல்காரர், சாப்பாட்டுக்கூடத்து மேசைமேல் ஏறி நின்ற பூனை என்று யாரையும் விடவில்லை. "உடம்புக்கு ஏதாவதா?" என்று சமையல்காரி லுத்விகா கவலையோடு விசாரித்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம், ஈரம் காயாத தாள் ஒன்றை இயக்குநர் மேசையில் வைத்தாள்.

இடது பாதியில் பேருந்து, பிர்ச் மரங்கள், உயர்த்திய கூடைகள், காளான் வழிய. வலது பாதியில் இயக்குநர், நாணல், அலுவலக வண்டியின் மூக்கு, வெறுங்கூடை. இரண்டையும் ஒரே மனிதன் திட்டம் போட்டு எடுத்தது போல அவ்வளவு பொருத்தமாக இருந்தன. இடதுபக்கத்தவர்கள் தங்கள் கூடையை அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

யூலியன் தராசவிச் வெகுநேரம் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

யத்விகா வெட்ட வசதியாகத் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

கத்தரிக்கோல் நடுக்கோட்டுக்கு வந்தது. அங்கே, கோட்டுக்கு ஒட்டினாற்போல அவருடைய தோள். அவர் கையைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார், பிறகு வலப்பக்கம். கட்சிக் கூட்டங்களில் மூடநம்பிக்கை ஒழிப்பைப் பற்றி இரண்டு முறை உரையாற்றியவர் அவர். கத்தரிக்கோலைத் திரும்ப இழுப்பறைக்குள் வைத்தார்.

"நெகட்டிவ்?"

"இபலித்கிட்ட பத்திரமா இருக்கு. இன்னும் எத்தனை பிரதி வேணும்னு கேக்கச் சொன்னாரு."

"ஒண்ணும் வேணாம்." இழுப்பறையை மூடிவிட்டு, "கண்டனப் பலகை காலியா இருக்கே. ஏதாவது ஒட்டியாகணும்," என்றார்.

"பூனை இருக்கு. மேசைமேல ஏறி நிக்குது. பக்கத்துல சமையல்காரி லுத்விகா வருவா, ஆனா அவ கோவிச்சுக்க மாட்டா."

"ஒட்டிடுங்க."

அவள் கதவுவரை போய்விட்டாள்.

"யத்விகா கஸிமிரவ்னா." இம்முறை குரல் இயக்குநருடையதாக இல்லை. "நிஜமா அது எந்த இடம்?"

"நான்தான் முதல்லயே சொன்னேனே," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை ஏழாம் எண்ணில், தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, மடியில் கூடையோடு ஒருவர் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தார். யத்விகா அவரிடம் டிக்கெட் கேட்டாள். அவர் எடுத்துக் காட்டினார். செல்லுபடியாகிற டிக்கெட்தான்.

பதினாலாம் கல்லருகே லியாவோன் வண்டியை ஓரங்கட்டி, கடைசி இருக்கையைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்ஜின் சூடாயிடுச்சு," என்றான்.

"பத்து நிமிஷம் போதுமா அதுக்கு?" என்று கடைசி இருக்கையிலிருந்து குரல் வந்தது. "நல்லா ஆறட்டும். இருபது எடுத்துக்க."

கூடைக்காரர் முதல் ஆளாக இறங்கினார். புதுச் சுருளில் அது முதல் படம். இரண்டாவதற்கு யத்விகா அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்குப் பின்னாலேயே, கன்னத்தில் இன்னும் அதே துணிக்கட்டோடு, ஆனால் இந்த முறை கையில் பெரிய கூடையோடு, ஒருவர் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

"கூடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க," என்றாள்.